ஒருமுறைகூடப் போகாத ஃபியூஸ்

பாளையங்கோட்டையில் தாத்தா 1976இல் கட்டிய வீட்டில்தான் அப்பாவும் அம்மாவும் இன்றும் இருக்கிறார்கள். திண்ணையைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில், தலைக்கு மேலே, ஒரு மரப்பலகையில் மெயின் போர்டு இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் ஒரு மெயின் சுவிட்ச், அதன் கீழே வரிசையாக நான்கு பீங்கான் ஃபியூஸ்கள், பக்கத்தில் மின்வாரியத்தின் மீட்டர். நான் சிறுமியாக இருந்தபோது ஃபியூஸ் போய்விட்டால் அப்பா முக்காலி மேல் ஏறுவார். டார்ச் பிடிப்பது என் வேலை. போர்டுக்குப் பக்கத்து ஆணியில் ஓர் அட்டை தொங்கும். அதில் சுற்றியிருக்கும் வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு சாண் அறுத்து, கரி படிந்த பீங்கான் கட்டையைத் துணியால் துடைத்து, கம்பியை அதன் பள்ளத்தில் படுக்க வைத்து, இரு முனைத் திருகுகளிலும் சுற்றி முறுக்குவார். கட்டையை அதன் இடத்தில் அழுத்தியதும் வீடு முழுவதும் வெளிச்சம் வரும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் அந்த ஃபியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. ஏசி வந்தது, ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. ஃபியூஸ் மட்டும் அசையாமல் நின்றது. வயரிங் அத்தனை உறுதியானது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, உள்ளறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் மோட்டாரைப் போட்டோம். கூடத்து விளக்கு மங்கி மீண்டது. அது வழக்கமானதுதான். ஆனால் வாசற்கதவைப் பூட்டப் போனபோது, ரப்பரும் தூசியும் சேர்ந்து கருகுவது போன்ற ஒரு வாடை அடித்தது. புறங்கையைப் போர்டின் அருகே கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே பீங்கானின் சூடு கையில் தெரிந்தது. ஏசியையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு மெயினை அணைத்தோம். அன்றிரவு மூவரும் மொட்டை மாடியில் படுத்தோம்.

மறுநாள் வந்த எலக்ட்ரீசியன் நாற்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர், உரிமம் பெற்றவர். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் கட்டையை உருவி எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். அதில் ஃபியூஸ் கம்பியே இல்லை. ஏதோ ஒரு வயரிலிருந்து உரித்த செம்பு இழைகளைச் சேர்த்து முறுக்கி, தீக்குச்சி அளவுப் பருமனில் மாட்டியிருந்தார்கள். “அண்ணாச்சி, இது ஃபியூஸ் இல்ல, வெறும் கம்பி. வீடே எரிஞ்சாலும் இது போவாது” என்றார். அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது. கீசர் வாங்கிய புதிதில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று ஒருவரை அழைத்திருந்தார்கள். வந்தவர் பத்து நிமிடத்தில் ‘சரிசெய்து’, இனிமேல் போகாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஃபியூஸ் போவது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான் என்பதை இத்தனை காலம் நாங்கள் மறந்திருந்தோம். சுவருக்குள்ளிருக்கும் வயர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி மின்னோட்டம் போகும்போது, அந்த வயர் சூடேறிக் காப்புறை உருகுவதற்கு முன்பே தான் உருகி மின்சாரத்தை அறுப்பதற்காகத்தான் அந்தக் கம்பியை மெல்லியதாக வைத்திருக்கிறார்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.20 மி.மீ., 10 ஆம்பியருக்கு 0.35 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.50 மி.மீ. என்பது கணக்கு. சரியான கம்பியைப் போட்டாலும்கூட, இந்த வகை ஃபியூஸ் உருகுவதற்கு அதன் அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவைப்படும். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகும். முறையான ஃபியூஸுக்கே இந்தத் தளர்வு உண்டென்றால், எங்கள் வீட்டில் இருந்த தடித்த கம்பிக்கு எல்லையே இல்லை. ஃபியூஸ் உருகாததால் சுவருக்குள்ளிருந்த வயர்தான் அந்த வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது.

வீட்டின் மின்பளு எவ்வளவு மாறியிருக்கிறது என்று அன்றைக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1976இல் ஆறு 40 வாட் குண்டு பல்புகள், மூன்று மின்விசிறிகள், ஒரு ரேடியோ. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் 600 வாட்டைத் தாண்டியிருக்காது. 230 வோல்ட்டில் அது இரண்டரை ஆம்பியர். இன்று 2,000 வாட் கீசர் மட்டுமே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர், 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய அதே அளவு, கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாம் தனி. இத்தனையும் அந்த நான்கு பீங்கான் கட்டைகளுக்குள் பங்கிட்டு ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாவது கட்டையை உருவியபோது எலக்ட்ரீசியன் முகம் சுளித்தார். அது நியூட்ரல் கம்பியில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியில், இருந்த ஃபியூஸ். மின்சாரம் உள்ளே வரும் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டிய ஃபியூஸை நியூட்ரலில் தனியாக வைக்கக் கூடாது என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. ஆனாலும் பழைய வீடுகள் பலவற்றில் இரண்டு கம்பியிலும் ஃபியூஸ் போட்டிருப்பதைத் தாம் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். நியூட்ரல் ஃபியூஸ் உருகிவிட்டால் விளக்கு எரியாது, மின்விசிறி சுற்றாது, வீட்டிலுள்ளவர்கள் கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ஃபேஸ் கம்பி ஹோல்டர் வரை உயிரோடு நின்றுகொண்டிருக்கும். பல்பைக் கழற்றக் கைவைப்பவர் கதி என்ன? அப்பா எத்தனை முறை முக்காலி மேல் ஏறியிருப்பார் என்று எண்ணிப்பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இதைவிட என்னை உலுக்கியது அம்மாவின் செருப்பு. எங்கள் சமையலறைக் கதவோரத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். கிரைண்டர் போடும்போது மட்டும் அம்மா அதை மாட்டிக்கொள்வார். ஈரக்கையோடு மாவை வழிக்கும்போது ‘சுர்’ரென்று இழுக்கும் என்பதால், எத்தனையோ ஆண்டுகளாக அந்த ஏற்பாடு. வீட்டுக்கு வருகிற உறவுக்காரப் பெண்களிடம்கூட, “கிரைண்டரத் தொடுறதா இருந்தா செருப்பப் போட்டுக்கோ” என்று சர்வசாதாரணமாகச் சொல்வார். அதை நாங்கள் யாரும் ஓர் அபாயமாக நினைத்ததே இல்லை. மழைக்குக் குடை எடுப்பது போன்ற ஒரு வழக்கமாக எடுத்துக்கொண்டோம். இப்படி ஒரு செருப்பு தமிழ்நாட்டில் எத்தனை சமையலறைகளில் கிடக்கிறதோ!

சமையலறையின் பிளக் பாயிண்டைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. மூன்று துளைகளில் மேலே இருக்கும் பெரிய துளை எர்த்துக்கானது. அதற்குப் பின்னால் பச்சைக் கம்பி வந்திருந்தது; ஆனால் எந்தத் திருகிலும் மாட்டப்படாமல், சுருட்டி, பெட்டியின் மூலையில் செருகப்பட்டிருந்தது. கிரைண்டரின் உள்ளே ஈரம் இறங்கிக் கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அதன் உடம்பிலேயே காத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கை பட்டால் அதுதான் வழி.

சரி, பச்சைக் கம்பியை மாட்டியிருந்தால் பழைய ஃபியூஸ் காப்பாற்றியிருக்குமா? இதைத்தான் நான் எலக்ட்ரீசியனிடம் கேட்டேன். அவர் கொல்லைப்புறத்திலிருந்த எர்த் குழியைக் கருவி வைத்து அளந்தார். 38 ஓம் காட்டியது. ஃபேஸ் கம்பி நேராகவே கிரைண்டர் உடம்பில் பட்டாலும், 230ஐ 38ஆல் வகுத்தால் கிடைக்கும் 6 ஆம்பியர்தான் அந்த வழியாக ஓடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. கிரைண்டர் மின்சாரம் ஏறிய நிலையிலேயே நாள் முழுவதும் நிற்கும். ஆக, ஃபியூஸ் என்பது வயரைக் காக்க வந்தது. மனிதரைக் காப்பது அதன் கணக்கிலேயே இல்லை. 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரிய ஏறத்தாழ 40 மில்லியாம்பியர் போதும். அந்த அளவு மின்னோட்டம் நெஞ்சு வழியாகச் சில விநாடிகள் ஓடினால் இதயத் துடிப்பு குலைந்துபோகும் அபாயம் உண்டு. 15 ஆம்பியர் என்பது 15,000 மில்லியாம்பியர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்சிசிபி என்னும் கசிவுக் காப்புக் கருவி. ஃபேஸ் வழியே வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்பதை அது ஒரு வளையத்துக்குள் வைத்து ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. போனது முழுவதும் திரும்பவில்லை என்றால், மீதி எங்கோ கசிகிறது. யாருடைய உடம்பு வழியாகவும் இருக்கலாம். வீடுகளுக்கான ஆர்சிசிபி 30 மில்லியாம்பியர் கசிவில் 0.3 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும், அதைப்போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். எர்த் சரியாக இருந்தால் கோளாறு ஏற்பட்ட கணத்திலேயே, யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். உயிர் தப்பினாலும் ஓர் அடி வாங்கித்தான் ஆக வேண்டும். எனவே ஆர்சிசிபி இருக்கிறதே, எர்த் எதற்கு என்று கேட்பது தவறு. அதேபோல, ஒரு கையால் ஃபேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்தவரை ஆர்சிசிபியால் அடையாளம் காண முடியாது. அதற்கு அவரும் ஒரு பல்பும் ஒன்றுதான். அதிகப்பளுவையும் அது கவனிக்காது. அதற்குத்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியே எம்சிபி என்னும் தானியங்கித் துண்டிப்பான்.

வேலையை ஒப்படைப்பதற்கு முன் இன்னொருவரிடமும் மதிப்பீடு கேட்டிருந்தோம். அவர் அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்: நான்கு பீங்கான் கட்டைகளையும் கழற்றிவிட்டு அதே மரப்பலகையில் நான்கு 32 ஆம்பியர் எம்சிபிகள். “இனி ஒண்ணும் டிரிப் ஆகாது சார்” என்றார் அப்பாவிடம். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நாங்கள் அவரை வேண்டாம் என்று முடிவு செய்தோம். எம்சிபியின் அளவை, சுவருக்குள் எந்த வயர் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். விளக்கு, மின்விசிறிக்கு ஓடும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி காவல் என்றால், வயர் எரிந்து முடிந்த பிறகும் எம்சிபி நின்றுகொண்டிருக்கும். தடித்த செம்புக் கம்பி செய்த அதே வேலையைப் புதிய பளபளப்போடு செய்வதற்குப் பணம் கொடுப்பதாக ஆகிவிடும்.

மீட்டருக்கு முன்னால் இருக்கும் சர்வீஸ் ஃபியூஸும் மீட்டரின் சீலும் மின்வாரியத்துக்கு உரியவை. வீட்டுக்காரரோ எலக்ட்ரீசியனோ அவற்றில் கைவைக்கக் கூடாது. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். கூடவே, அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தவும் விண்ணப்பித்தோம். குறித்த நாளில் ஊழியர் வந்து சர்வீஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டுப் போன பிறகுதான் மரப்பலகையைச் சுவரிலிருந்து பிரித்தார்கள். பின்பக்கம் பாதியைக் கரையான் தின்றிருந்தது. பல்லி முட்டை ஓடுகள், ஒரு பல்லியின் உலர்ந்த உடல், பல ஆண்டுத் தூசி. பீங்கான் அடிக்கட்டைக்குள் வந்து சேர்ந்த பழைய அலுமினிய வயர்களின் முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அலுமினியம் காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படியும், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. தவிர அந்த உலோகம் மென்மையானதால் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடானது இன்னும் தளரும். அன்றிரவு என் புறங்கை உணர்ந்த வெப்பம் அங்கிருந்துதான் வந்தது. ஒரு வயரின் காப்புறை ஒரு விரற்கடை நீளத்துக்குக் கருகி, தொட்டதும் ஓடு போல உதிர்ந்தது. அந்தத் துண்டை அப்பா ஒரு காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறார்.

மரத்துக்குப் பதிலாகக் கதவு வைத்த இரும்புப் பெட்டி வந்தது. முதலில் ஒரு 40 ஆம்பியர் இருமுனை மெயின். அதை அணைத்தால் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே துண்டிக்கப்படும். அடுத்து 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபிகள் இரண்டு: ஒன்று இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, மின்விசிறிச் சுற்றுகளுக்கு, மற்றொன்று பிளக் பாயிண்ட், கீசர், ஏசி, மோட்டார் சுற்றுகளுக்கு. சமையலறையில் ஏதாவது கசிந்து ஒன்று விழுந்தாலும் வீடு இருளில் மூழ்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பிரிப்புக்காக ஆகும் கூடுதல் செலவு நியாயமானதே. அதற்கப்பால் ஒவ்வொரு சுற்றுக்கும் எம்சிபி: விளக்குகளுக்கு 10 ஆம்பியர், பொதுவான பிளக் பாயிண்டுகளின் 2.5 சதுர மி.மீ. வயருக்கு 16, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியே புதிதாக இழுத்த 4 சதுர மி.மீ. வயருக்கு 20. எம்சிபிக்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். மெதுவாக ஏறும் அதிகப்பளுவுக்கு ஓர் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து விடுவிக்கும். ஷார்ட் சர்க்யூட்டுக்கு ஒரு காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் விடுவிக்கும். 10 ஆம்பியர் எம்சிபியில் 14.5 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழுந்தாக வேண்டும். மோட்டார் கிளம்பும்போது சில நொடிகள் பாயும் கூடுதல் மின்னோட்டத்துக்கு அநாவசியமாக விழாமல் இருக்க, அதற்கு மட்டும் சி வகை வாங்கினோம். அந்த வகையின் காந்தப் பகுதி, அளவைப்போல ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை போனால்தான் உடனடியாகத் துண்டிக்கும்.

எல்லாவற்றையும் மாட்டி மாலையில் மின்சாரம் கொடுத்தபோது, மாடிப்படி விளக்கைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தது. மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது. இந்த இடத்தைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய வீடுகளில் ஆர்சிசிபி போட்டதும் இப்படி விழுவது மிகவும் சகஜம்; அப்போது பலரும் “இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது” என்று சொல்லி அதைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது கம்பியைச் சுற்றுவழியாகப் போட்டு அதைச் செயலிழக்க வைக்கிறார்கள். புகை கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பானது அது. ஒத்துவராதது கருவி அல்ல. அத்தனை காலம் ஒளிந்திருந்த ஏதோ ஒரு பிழையை அது காட்டிக்கொடுக்கிறது.

எங்கள் எலக்ட்ரீசியன் கழற்றவில்லை. தேடினார். மாடிப்படி விளக்குக்கு ஃபேஸ் ஒரு சுற்றிலிருந்தும் நியூட்ரல் பக்கத்து அறையின் பிளக் பாயிண்டிலிருந்தும் இரவல் வாங்கப்பட்டிருந்தது. ஓர் ஆர்சிசிபி வழியாகப் போன மின்னோட்டம் மற்றொன்றின் வழியாகத் திரும்பினால், இரண்டுமே கசிவு என்றுதான் புரிந்துகொள்ளும். நியூட்ரலைப் பிரித்துப் புது வயர் இழுத்ததும் அது நின்றது. இரண்டாம் நாள், கீசர் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மற்றொன்று விழுந்தது. கீசரின் வெப்பச்சுருளில் உறை விரிந்து, சூடேறியதும் தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அப்பா தினமும் குளித்துக்கொண்டிருந்தார். சுருளை மாற்றினோம். பிறகு ஒவ்வொரு சுற்றையும், வயரின் காப்புறை உறுதியை அளக்கும் மெகர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் சோதித்தார். பின்கட்டு அறையின் சுற்றைத் தவிர மற்றவை எல்லாம் தேறின.

பழைய எர்த் குழியை நம்பாமல், கொல்லையில் முருங்கை மரத்துக்கு அப்பால் புதிதாக ஒன்று தோண்டி, துத்தநாகம் பூசிய குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு மூடினார்கள். அளந்தபோது 4 ஓம். கோடையில் மண் காய்ந்தால் எண் ஏறும் என்பதால், வாரம் ஒருமுறை அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அதை அம்மா ஏற்றுக்கொண்டார். சமையலறையின் பச்சைக் கம்பி இப்போது அதன் திருகில் இருக்கிறது. கிரைண்டரைப் பழுது பார்த்து, ஈரம் இறங்கிய பகுதியை மாற்றிய பிறகே மறுபடி செருகினோம்.

பெட்டி, கருவிகள், புதிய வயர், எர்த் குழி, மூன்று நாள் கூலி எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. ஏசி வாங்கும்போது நாங்கள் இரண்டு கடை ஏறி விலை பேசியிருக்கிறோம். அதற்கு மின்சாரம் எந்த வழியாக வரப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறிய இணைப்புகள் நீங்கலாக, வீடுகளுக்கு 30 மில்லியாம்பியருக்கு மிகாத கசிவுக் காப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. புதுவீடு கட்டுபவர்கள் காதில் அது ஓரளவு விழுகிறது. ஐம்பது ஆண்டு பழைய வீட்டில் இருப்பவர்களிடம் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் மட்டும் அந்த வீட்டில். ஊருக்குப் போகும்போது ஒருமுறை அந்தப் பீங்கான் கட்டைகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று உரிமம் பெற்ற ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று நான் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பெட்டிக் கதவின் உட்புறத்தில் எந்த எம்சிபி எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஆர்சிசிபி இரண்டின் சோதனைப் பொத்தானையும் அப்பா அழுத்துகிறார். பட்டென்று விழ வேண்டும், விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். விழுந்ததும் தூக்கிவிட்டு, தினசரிக் காலண்டரின் தாளில் ஒரு டிக் போடுகிறார். அம்மா இன்னமும் கிரைண்டருக்கு அந்தச் செருப்பைத்தான் மாட்டிக்கொள்கிறார். நான் கழற்றச் சொல்லவில்லை. பின்கட்டு அறையில் மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங் மெகர் சோதனையில் தேறாததால், அந்தச் சுற்றின் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, முனைகளைக் காப்பிட்டு வைத்திருக்கிறோம். பொங்கல் கழிந்ததும் அதை முழுவதுமாகப் பிரித்து மாற்றுவதாக எலக்ட்ரீசியன் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த அறைக்குப் போகிறவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு போகிறோம்.